பற்றவைத்தாலும் பற்றாத குளிர்பெட்டி



சென்ற திங்கள் இப்பகுதியில் சமையலறை எரிவாயுச் சிலிண்டரின் ரப்பர்க் குழாயை எப்பொழுது மாற்ற வேண்டும் என்பது பற்றி எழுதியிருந்தோம். அதனைப் படித்த வாசகி ஒருவர், எரிவாயு தொடர்பாகவே வேறொரு வினாவை எழுப்பியுள்ளார். அவருடைய மகன் அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் குடும்பத்துடன் வாழ்கிறார். படுக்கை, அடுப்பு, குளியலறை யாவும் உள்ளடங்கிய பழைய ஊர்தி வீடு ஒன்றை அவர் விலைக்கு வாங்கியிருக்கிறார். அந்நாட்டினர் அதனை ஆர்.வி. என்று சுருக்கமாக அழைப்பர். வரும் கோடையில் தாயையும் அழைத்துக்கொண்டு யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குச் செல்லத் திட்டமாம். ஆனால் வண்டியிலுள்ள எரிவாயுக் குளிர்பெட்டி பற்ற மறுக்கிறது. “டிக், டிக் என்று பொறி தெறிக்கும் ஓசை கேட்கிறது. சற்று நேரத்தில் அதுவும் நின்று சிவப்பு விளக்கு எரிகிறது. மீண்டும் மீண்டும் பொத்தானை அழுத்திப் பார்க்கிறான். நான் இன்சுலின் போட்டுக்கொள்பவள், அதனை எங்கே வைப்பது என்ற கவலை ஒருபுறம், இவன் எரிவாயுவோடு விளையாடுகிறானே என்ற அச்சம் மறுபுறம்” என்று அந்த அம்மையார் எழுதுகிறார்.

பிள்ளைகளைக் காண அயல்நாடு சென்று வரும் பெற்றோர் நம் பங்குகளில் பெருகிவிட்ட இந்நாளில், இவ்வினா ஒருவருக்கு மட்டும் உரியதன்று. ஆதலின் சற்று விரிவாகவே விடை கூறுவோம்.

நெருப்பை மூட்டிக் குளிரை உண்டாக்குவது எங்ஙனம் என்று சிலர் வியக்கலாம். நம் இல்லங்களிலுள்ள குளிர்பெட்டியில் மின்மோட்டார் ஒன்று வாயுவை அமுக்கும் வேலையைச் செய்கிறது. எரிவாயுக் குளிர்பெட்டியின் குளிரூட்டும் பகுதியிலோ அசையும் உறுப்பு எதுவுமே இல்லை. அடைக்கப்பட்ட இரும்புக் குழாய்களுக்குள் அம்மோனியாவும் நீரும் ஹைட்ரஜனும் இருக்கின்றன. அடியிலுள்ள சிறு சுடர் கொதிகுழாயைச் சூடாக்க, நீரில் கரைந்திருந்த அம்மோனியா ஆவியாகப் பிரிந்து மேலே செல்கிறது. அங்கே தன் வெப்பத்தை வெளிக்காற்றுக்குக் கொடுத்துத் திரவமாகிறது. பின் பெட்டியின் உட்பக்கத்தை அடைந்து, ஹைட்ரஜனோடு கலந்து மீண்டும் ஆவியாகும்பொழுது, பெட்டியிலுள்ள வெப்பத்தைக் கவர்ந்துகொள்கிறது. இறுதியில் நீரிலே கரைந்து சுடரிடமே திரும்புகிறது. 1922-ஆம் ஆண்டில் ஸ்டாக்ஹோம் நகரில் தொழில்நுட்பம் பயின்றுகொண்டிருந்த பால்ட்சார் வான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் என்னும் இரு மாணவர்கள் இம்முறையைக் கண்டனர். 1925-இல் எலெக்ட்ரோலக்ஸ் நிறுவனம் இதனைச் செய்து விற்கத் தொடங்கியது. மின்சாரம் எட்டாத ஆசிய, ஆப்பிரிக்கச் சிற்றூர்களின் மருத்துவ நிலையங்களில் பல்லாண்டுகள் தடுப்பு மருந்துகளைக் கெடாது காத்த மண்ணெண்ணெய்க் குளிர்பெட்டிகளும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே. பொது மின்கம்பியை வீட்டுக்குள் ஏற்காத அமெரிக்க ஆமிஷ் கிறிஸ்தவர் பலர் இன்றும் எரிவாயுக் குளிர்பெட்டியைப் பயன்படுத்தி வருகின்றனர்.

ஆக, எல்லாம் அந்தச் சிறு சுடரையே நம்பியிருக்கின்றன. அது நம் அடுப்பின் சிறிய பர்னரைவிடவும் மெலிந்த சுடர். நாள் முழுவதும் எரிந்தாலும் முக்கால் கிலோ அளவு எரிவாயுவே செலவாகும். இரவில் அனைவரும் உறங்குகையிலும் அது எரிந்துகொண்டிருக்க வேண்டும். காற்றில் அது அணைந்துபோய், எரிவாயு மட்டும் வெளியேறிக்கொண்டே இருந்தால் என்னவாகும்? இதற்காகவே இப்பெட்டியில் ஒரு காவல் ஏற்பாடு உண்டு. பொத்தானை அழுத்தியதும் வால்வு திறந்து வாயு வருகிறது, பொறி தெறிக்கிறது. ஏறத்தாழ 30 முதல் 45 வினாடிக்குள் சுடர் எழுந்ததற்கான அறிகுறி கிட்டாவிடில், வால்வு மூடிக்கொள்கிறது. சிவப்பு விளக்கு எரிகிறது. அம்மையார் அஞ்சும் அந்தச் சிவப்பு விளக்கு பழுதன்று, காவற்காரனின் குரல். “சுடரைக் காணவில்லை, ஆதலின் வாயுவை நிறுத்திவிட்டேன்” என்பதே அதன் பொருள். காவற்காரனை அதட்டி விரட்டுவதில் பயனில்லை. அவன் ஏன் குரல் கொடுத்தான் என்று பார்க்க வேண்டும்.

மகன் உடனடியாகக் கைவிட வேண்டிய பழக்கம், பொத்தானை அடுத்தடுத்து அழுத்துவதாகும். ஒவ்வொரு முயற்சியிலும் அரை நிமிடத்துக்கு மேல் எரியாத வாயு வெளிவருகிறது. ஊர்தி வீட்டில் பயன்படும் புரோப்பேன் வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. மேலே எழுந்து பறந்துவிடாது, தாழ்ந்த இடத்தில் தங்கும். நான்காம் முறையோ ஐந்தாம் முறையோ பொறி பற்றிக்கொண்டால், தேங்கியதெல்லாம் ஒருங்கே ‘குப்’பென்று எரியும். இரு முறை முயன்று பற்றவில்லையெனில், நிறுத்திவிட்டு ஐந்து நிமிடமாவது காற்றோட வைத்தல் வேண்டும். வாயு நாற்றம் வந்தாலோ முயற்சியே கூடாது; சிலிண்டரை மூடி, சுவிட்சு எதனையும் தொடாமல், அனைவரும் வண்டியை விட்டு இறங்கிவிட வேண்டும்.

இனிப் பழுதைத் தேடுவோம். சுடருக்கு வேண்டுவன மூன்று: வாயு, பொறி, சுடர் இருக்கிறது என்று அறிந்து சொல்லும் உறுப்பு. இம்மூன்றில் எது தவறியது என்பதைப் பெரும்பாலும் காதும் கண்ணுமே சொல்லிவிடும்.

முதலில் வாயு. வண்டியிலுள்ள சமையல் அடுப்பைப் பற்றவைத்துப் பார்ப்பதே எளிய சோதனை. அடுப்பும் பற்றவில்லையெனில் குளிர்பெட்டியின்மேல் பழிபோடுவது வீண். சிலிண்டர் காலியாக இருக்கலாம், மூடியே இருக்கலாம். இன்னொரு காரணம் பலர் அறியாதது: சிலிண்டரின் வால்வை வேகமாகத் திருகித் திறந்தால், குழாய் அறுந்து வாயு கொட்டுகிறது என்று கருதி, இணைப்பிலுள்ள பாதுகாப்பு உறுப்பு ஓட்டத்தை அடைத்துவிடும். வால்வை மூடிச் சில நிமிடம் பொறுத்து, மெல்ல மெல்லத் திறந்தால் சரியாகும். பல திங்கள் நிறுத்தி வைத்திருந்த வண்டியில் குழாய்களுக்குள் காற்று நிறைந்திருக்கும். அடுப்பைச் சற்று நேரம் எரியவிட்டு அக்காற்றை வெளியேற்றிய பின்னரே குளிர்பெட்டியிடம் செல்ல வேண்டும். பழைய வண்டி முதன்முறை பற்ற மறுப்பதற்கு இதுவே மிகப் பரவலான காரணம். அடுப்பு பற்றினாலும் சுடர் சோர்ந்து மெலிந்திருந்தால் ரெகுலேட்டரைப் பார்க்க வேண்டும். அந்நாட்டு முறைப்படி அழுத்தம் 11 அங்குல நீர்மட்டம் இருத்தல் வேண்டும். நம் வீட்டு ரெகுலேட்டரின் அழுத்தமும் ஏறக்குறைய இதுவே. ஆனால் இதனை அளக்கக் கருவி வேண்டும். கண்மதிப்பாக ரெகுலேட்டரின் திருகைத் திருப்புவது கூடவே கூடாது.

ஐரோப்பாவில் வாழ்வோர்க்கு ஒரு சொல். அங்கே சில நாடுகளில் பியூட்டேன் சிலிண்டரும் கிடைக்கும். பியூட்டேன் நீரின் உறைநிலையை ஒட்டிய குளிரிலே ஆவியாகாது நின்றுவிடும். புரோப்பேனோ சுழியத்துக்குக் கீழே 42 பாகை வரை ஆவியாகும். குளிர்காலத்தில் சிலிண்டர் கனமாக இருந்தும் சுடர் வரவில்லையெனில் காரணம் இதுவாகலாம்.

அடுத்துப் பொறி. வண்டியின் வெளிப்புறத்தில், குளிர்பெட்டிக்கு நேர் பின்னே, காற்றுத் துளைகளோடு ஒரு சிறு கதவு இருக்கும். அதனைக் கழற்றினால் பர்னர் தென்படும். டிக், டிக் ஓசை அறவே இல்லையெனில், பெரும்பாலும் மின்சாரக் குறையே. எரிவாயுவில் ஓடும்பொழுதும் இப்பெட்டியின் கட்டுப்பாட்டுப் பலகைக்கு 12 வோல்ட் மின்சாரம் வேண்டும். பேட்டரி தளர்ந்திருந்தால் பலகை மயங்கும். பேட்டரி முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும் துருவைச் சுரண்டித் துடைத்ததும் உயிர்பெற்ற குளிர்பெட்டிகள் எண்ணிறந்தவை. வண்டியின் உடலோடு சேரும் மண்கம்பி தளர்ந்திருக்கிறதா என்பதையும் மறவாது பார்த்தல் நலம்.

ஓசை இருந்தும் பற்றவில்லையெனில், பொறி எங்கே தெறிக்கிறது என்று மாலை இருளில் நோக்க வேண்டும். பொறிமுனைக்கும் பர்னருக்கும் இடையே 3 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். சரியான அளவைப் பெட்டியின் கையேடு கூறும். இடைவெளி மிகுந்தால் பொறி தாண்டாது. குறைந்தால் வாயு இருக்குமிடத்தை எட்டாது. பொறிமுனையைப் போர்த்தியுள்ள வெண்பீங்கானில் மயிரிழை போன்ற வெடிப்பு இருப்பின், மின்சாரம் அவ்வழியே குறுக்கே பாய்ந்துவிடும். ஓசை மட்டும் கேட்கும். அவ்வாறான முனையை ஒட்டிச் சரிசெய்ய முயலாமல் மாற்றிவிடுவதே முறை, விலை அதிகமன்று.

வாயுவும் வருகிறது, பொறியும் நன்று, எனினும் பற்றவில்லை. இங்கேதான் சிலந்தி வருகிறது! நகையாட்டன்று. எரிபொருளின் மணத்தை நாடிச் சென்று குழாய்களுக்குள் வலை பின்னும் சிலந்திகள் உண்டு. 2011-ஆம் ஆண்டில் மஞ்சட்பைச் சிலந்திகள் எரிபொருள் தொட்டியின் காற்றுக் குழாயில் வலை கட்டியதன் காரணமாக, மாஸ்டா நிறுவனம் வட அமெரிக்காவில் 50,000-க்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்துச் சரிபார்க்க நேர்ந்தது. குளிர்காலம் முழுவதும் அசையாது நின்ற ஊர்தி வீட்டின் பர்னர்க் குழாய் அவற்றுக்கு வாய்த்த மனையன்றோ? மெல்லிய வலை ஒன்றே போதும். வாயுவோடு காற்று கலவாது, சுடர் எழாது, அல்லது மஞ்சளாக எழுந்து கரிபடியும். மேலேயுள்ள புகைக்குழாயிலிருந்து உதிர்ந்த துருவும் பர்னரின்மேல் படிந்து சுடரை நெரிக்கும். சிலிண்டரை மூடி, பர்னர் ஆறிய பின்னர், மென்மையான தூரிகையால் துடைத்துவிடலாம். காற்றைப் பீய்ச்சுவதாயின் கண்ணுக்குக் கண்ணாடி அணிதல் வேண்டும். துரு முகத்தில்தான் கொட்டும்.

வாயு வெளிவரும் நுண்துளை பற்றித் தனியே எச்சரிக்க வேண்டியுள்ளது. நம் தாய்மார் காற்றடிக்கும் மண்ணெண்ணெய் அடுப்பு அடைத்துக்கொண்டால் ஸ்டவ் பின்னால் குத்தி அடைப்பெடுத்த காலம் பலர்க்கு நினைவிருக்கும். அக்கைப்பழக்கம் இங்கே உதவாது. இத்துளை மயிரளவினது, பலவற்றில் சிறு செயற்கைக் கல்லிலே துளையிட்டுப் பொருத்தியிருப்பர். ஊசி நுழைந்தால் கல் விரியும், அல்லது துளை அகலும். அகன்ற துளை வழியே மிகுதியாக வரும் வாயு முழுதும் எரியாது கரியையும் நச்சு வாயுவையும் உண்டாக்கும். கழற்றிச் சாராயத்தில் ஊறவைத்து, காற்றிலே உலர்த்துவது மட்டுமே தகும். மீண்டும் பூட்டிய பின் ஒவ்வொரு மூட்டிலும் சோப்பு நீரைத் தடவிக் குமிழி எழுகிறதா என்று பார்க்காமல் பற்றவைத்தல் ஆகாது. தீக்குச்சியைக் கொளுத்திக் கசிவைத் தேடும் துணிச்சல்காரர் இன்னும் இருக்கிறார்கள் என்பதால் இதனையும் சொல்ல வேண்டியுள்ளது.

இனி மூன்றாவது. சுடர் அழகாக எழுகிறது. சில வினாடியில் அணைந்துவிடுகிறது. இதுவே காவலுறுப்பின் பழுதுக்குரிய அடையாளம். பழைய பெட்டிகளில் தெர்மோகப்பிள் என்னும் சிறு உலோகக் கோல் சுடரிலே நின்று சூடாகும். இருவகை உலோகம் இணைந்த அக்கோலின் நுனி சூடானதும் 20, 30 மில்லிவோல்ட் அளவில் மின்னழுத்தம் பிறக்கும். அச்சிறு மின்சாரமே வால்வைத் திறந்து பிடித்திருக்கிறது. சுடர் அணைந்தால் கோல் ஆறும், பிடி தளரும், வாயு நிற்கும். எவ்வளவு எளிய, எவ்வளவு நம்பத்தக்க ஏற்பாடு! புதிய பெட்டிகளில் பொறிமுனையே இவ்வேலையையும் செய்கிறது: சுடரினூடே மிகச் சிறிய மின்னோட்டம் செல்வதைக் கொண்டு சுடர் உண்டென்று பலகை அறிகிறது. கோலின் நுனி சுடரை விட்டு விலகியிருக்கலாம், கரி படிந்திருக்கலாம், மறுமுனையின் திருகு தளர்ந்திருக்கலாம். துடைத்து, நுனியைச் சுடருக்குள் நிறுத்தி, திருகை இறுக்கியும் பயனில்லையெனில் புதிது மாற்ற வேண்டும். கைப்பிடியை அழுத்திப் பற்றவைக்கும் பழைய வகையில், சுடர் எழுந்த பிறகும் அரை நிமிடம் அழுத்தியே வைத்திருந்தால்தான் கோல் சூடேறும் என்பதையும் நினைவிற்கொள்க. பொறுமையின்றிக் கையை எடுப்பவர்க்கு அது என்றும் பற்றாது.

சிலர் இக்காவலையே நீக்கிவிடுகிறார்கள். வால்வுக்கு நேரே மின்சாரம் கொடுத்து எப்பொழுதும் திறந்திருக்கச் செய்வதும், அதன் கைப்பிடியைக் கம்பியால் கட்டிவைப்பதும் சிலர் பெருமையோடு கூறும் “குறுக்கு வழிகள்”. பெட்டி அன்றைக்கு ஓடும், அதில் ஐயமில்லை. நள்ளிரவில் ஒரு காற்று வீசிச் சுடர் அணைந்தால், வாயுவை நிறுத்த எவரும் இல்லை. வண்டிக்குள் குழந்தைகள் உறங்குகின்றனர். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்குக்குச் சற்று மேல் புரோப்பேன் கலந்தாலே ஒரு பொறிக்கு அது பற்றும். மகன் வாங்கியது பழைய வண்டியாதலின், முன்னிருந்தவர் இத்தகைய வேலை எதுவும் செய்துவைத்திருக்கிறாரா என்பதையே அவர் முதலில் பார்க்க வேண்டும் என்பது நம் கருத்து.

எல்லாம் சரியாக இருந்தும் சுடர் தடுமாறும் வேளைகள் உண்டு. யெல்லோஸ்டோன் ஏரி கடல்மட்டத்துக்குமேல் 7,700 அடி உயரத்தில் உள்ளது. நம் உதகையைவிட உயர்ந்த இடம். காற்று மெலிந்த அவ்வுயரத்தில் பர்னர் தானே அணைந்துபோகக்கூடும். 5,500 அடிக்கு மேல் இவ்வாறு நேரலாம் என்றும், இயன்றால் மின்சாரத்தில் ஓட்டுவது நலமென்றும் நார்கோல்ட் நிறுவனத்தின் கையேடே கூறுகிறது. கொலராடோவிலோ பெரும்பகுதி மேட்டு நிலமே. ஆதலின் பெட்டியைப் பழுதென்று தள்ளுமுன், தாழ்ந்த ஊரில் ஒருமுறை பற்றவைத்துப் பார்க்கலாம். தங்குமிடங்களில் மின் இணைப்பு உள்ளதைத் தேர்வதும் நன்று. இப்பெட்டிகள் மின்சாரத்திலும் ஓடும். பெருங்காற்று வீசும் இடத்தில், காற்றுக் கதவு காற்றுக்கு மறுபுறம் இருக்குமாறு வண்டியை நிறுத்த வேண்டும். துளைகளை அட்டையால் அடைத்துவிடுதல் தவறு.

வண்டி சமதளத்தில் நிற்பதும் இன்றியமையாதது. பக்கவாட்டில் 3 பாகைக்கும், முன்பின்னாக 6 பாகைக்கும் மேல் சாய்ந்து நின்றால் அம்மோனியா நீர் குழாயில் தேங்கும். சுடர் எரிந்துகொண்டே இருக்க, கொதிகுழாய் வறண்டு அளவுமீறிச் சூடேறும். நாளடைவில் குழாயே வெடிப்பு காணலாம். டொமெட்டிக் நிறுவனம் 2006-ஆம் ஆண்டில் ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட ஊர்திக் குளிர்பெட்டிகளைத் திரும்ப அழைத்தது. கொதிகுழாயில் வெடிப்பு விழுந்து, வெளியேறும் கலவை தீப்பற்றக்கூடும் என்பதே காரணம். பழைய வண்டி வாங்குவோர், தம் பெட்டியின் எண்ணைக் கொண்டு அதற்குரிய திருத்தம் செய்யப்பட்டதா என்று விசாரித்தறிவது கடமை. அம்மோனியாவின் மூக்கைத் துளைக்கும் நெடியோ, குழாய்களின் அடியில் மஞ்சள் தூளோ தென்பட்டால் அது வீட்டார் கைவைக்கும் வேலையன்று. பெட்டியை நிறுத்தி, தேர்ந்த பணியாளரை அழைக்க வேண்டும். கட்டுப்பாட்டுப் பலகை, வால்வு, ரெகுலேட்டர் ஆகியவற்றின் பழுதும் அவ்வாறே. துடைத்தல், இறுக்குதல், முனையை மாற்றுதல் ஆகியவை மகனின் எல்லை.

இன்சுலின் பற்றி அம்மையார் பெரிதும் கலங்க வேண்டியதில்லை. திறவாத புட்டிகளை 2 முதல் 8 பாகைக்குள் வைக்க வேண்டும் என்பது உண்மை. ஆனால் பயன்படுத்தத் தொடங்கிய புட்டி, பெரும்பாலான வகைகளில், 30 பாகைக்கு மேற்படாத நிழலில் நான்கு வாரம் வரை கெடாது. தங்கள் மருந்துக்குரிய அளவை உறையிலுள்ள தாளிலும் மருத்துவரிடமும் உறுதிசெய்துகொள்க. எரிவாயுக் குளிர்பெட்டி விரைந்து குளிராது. பல மணி நேரம் பிடிக்கும். புறப்படுவதற்கு முந்தின நாளே அதனை ஓடவிட்டு, உள்ளே வெப்பமானி ஒன்றை வைத்துப் பார்த்து, எண் சரியான பின்னரே மருந்தை வைக்க வேண்டும். உறைபனிப் பகுதியை ஒட்டி வைக்கலாகாது. உறைந்த இன்சுலின் பயனற்றது. ஐஸ்கட்டி நிரப்பிய சிறு பெட்டி ஒன்றும் உடன் இருக்கட்டும். ஆனால் புட்டி ஐஸ்கட்டியைத் தொடாதிருக்கத் துணியில் சுற்றி வையுங்கள்.

பெட்ரோல் நிலையத்துள் நுழையுமுன் சுடரை அணைத்துவிட வேண்டும் என்பதை மருமகளும் பேரப்பிள்ளைகளும்கூட அறிந்திருக்கட்டும். தானே பற்றிக்கொள்ளும் பெட்டியாயின் பொத்தானை அணைத்தாலன்றி, பெட்ரோல் நிரப்பும் வேளையிலேயே அது பொறி தெறிக்கும். வண்டிக்குள் தரையை ஒட்டி ஒரு வாயுக் கசிவு மணியும், கார்பன் மோனாக்சைடு என்னும் மணமற்ற நச்சு வாயுவுக்குத் தனி மணியும் இருக்கும். இவற்றின் ஆயுள் பொதுவாக 5 முதல் 10 ஆண்டுகளே. பின்புறம் காலாவதி ஆண்டு அச்சிடப்பட்டிருக்கும். மகன் அடுத்தமுறை தொலைபேசியில் அழைக்கும்பொழுது, அவ்விரண்டையும் கழற்றி அந்த ஆண்டுகளைப் படித்துச் சொல்லுமாறு கேளுங்கள்.